மொட்டைக் குருவி

அவளுடைய நல்ல பெயருக்கு மூன்று மாதச் சம்பளம் என்று விலை வைத்தார் முதலாளி.

"ராஜினாமா எழுதிக் குடும்மா. கூடவே ரெண்டு வரி, தப்பு என்னோடதுதான்னு. மூணு மாசச் சம்பளத்தைக் கையில வச்சு அனுப்புறேன். விஷயம் வெளிய போகாது. பட்டியலும் அப்படியே நிக்கும். உன் நாத்தனாருக்கும் வீடு உறுதி."

"எழுதலைன்னா?"

"அஞ்சு மணிக்கு நான் எழுதுவேன். போலீஸுக்குப் புகார்."

கடைசி விலை என்று சொல்பவரின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, கையைப் பார்க்க வேண்டும். முதலாளியின் கை பேனா மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தது. ஆகவே கடைசி விலைதான்.

எதிரே நின்றவளுக்கு முப்பத்தைந்து வயது. அலுவலகத்தில் அவளைக் கொத்தனார் என்பார்கள். சிமென்ட்டைத் தொட்டதில்லை. இங்கே கணினிகளில் ஓடும் மென்பொருளை மூலத்திலிருந்து கட்டி எழுப்புவது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். பதினோரு வருடம் சம்பாதித்த அந்தப் பெயருக்குப் பதிலாகத் திருடி என்று ஒரு பெயர் மாலைக்குள் வரப்போகிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

கதவைத் தட்டாமல் இருவர் உள்ளே வந்தார்கள்.

முன்னால் வந்தவர் தராசம்மா. இருபத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி, தராசுத் தட்டுகளுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தங்களை உரித்தெடுத்தவர். அந்தக் காந்தங்களில் ஒன்று மேலதிகாரியின் தம்பி கடையில் கிடைத்ததால் ராஜினாமா செய்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பின்னால் வந்தவன் அவருடைய கணவரின் தம்பி. கணினி பழுது பார்க்கும் கடை வைத்து, வந்த கணினிகளைவிடக் கடையை அதிகம் பழுதாக்கி மூடியவன். நாற்பத்தொரு வயது, நடு மண்டையில் வழுக்கை, ஊர் வைத்த பெயர் வால்.

"யாருங்க நீங்க? கதவைத் தட்டிட்டு வர மாட்டீங்களா?" என்றார் முதலாளி.

"துப்பறியறவங்க சார். தட்டிட்டு வந்தா என்ன மரியாதை?" என்றான் வால்.

"இந்தம்மா சார்பா வந்திருக்கோம்," என்றார் தராசம்மா.

கொத்தனார் திரும்பிப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் அனுப்பினாரா?"

தராசம்மா முதலாளியின் பக்கம் திரும்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார்? விஷயத்தைச் சொல்லுங்க. மூட்டையைப் பிரிக்க வேண்டாம், ஒரு பிடி சாம்பிள் போதும்."

முதலாளிக்குச் சாம்பிள் காட்டுவது பிடித்த வேலை.

"நாங்க குலுக்கல் ஆபீஸ் மேடம். வீட்டு வசதிச் சங்கங்களுக்காகக் குலுக்கிக் குடுக்கிறோம். இந்தத் தடவை நானூறு மனு, இருபது வீடு. வியாழக்கிழமை பன்னெண்டரைக்கு இந்தம்மா குலுக்கல் புரோகிராமை ஒரே ஒரு தடவை ஓட்டணும். பட்டியல் மெஷினுக்குள்ளயே பூட்டிக் கிடக்கும். ரெண்டு மணிக்கு எல்லார் முன்னாடியும் திறக்கணும். திறந்தோம், கை தட்டினாங்க, கலைஞ்சு போயிட்டாங்க."

"அப்புறம்?"

"அந்த அறையில ஒரு பழைய பிரின்டர் இருக்கு. குலுக்கல் ஓடி முடிஞ்சா நேரத்தோட ஒரு வரி அடிக்கும். காகிதம் போறது சீல் வச்ச பெட்டிக்குள்ள. நேத்து சீலை உடைச்சுப் பார்த்தோம். ஒரு வரி இருக்கணும். இருபத்து மூணு இருக்கு."

"ஒண்ணு கணக்குக்கு, இருபத்து ரெண்டு கொசுறா?" என்றான் வால்.

"பன்னெண்டரைக்கு ஒண்ணு. அப்புறம் சாப்பாட்டு நேரத்துல, ஒண்ணு பத்துலேர்ந்து ஒண்ணு நாப்பதுக்குள்ள இருபத்து ரெண்டு. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் பழைய பட்டியல் அழிஞ்சு புதுசு வரும். பிடிச்ச பேரு வர்ற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. கடைசிப் பட்டியல்ல ஒம்பதாவது பேரு இவங்க நாத்தனார்."

"மேடம்," என்றாள் கொத்தனார். அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் உடைந்தது. "நாத்தனாருக்கு வீடு வாங்கிக் குடுக்க நான் ஜெயிலுக்குப் போவேனா? நாலு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு கிடையாது. மாமியாரோட தையல் மெஷின் யாருக்குன்னு ஒரு சண்டை. அவங்க போற கல்யாணத்துக்கு நான் போறதில்ல, நான் போற ஆஸ்பத்திரிக்கு அவங்க வர்றதில்ல."

கல்யாணமான யாருக்கும் இந்த வாதத்தின் எடை புரியும். முதலாளியும் கல்யாணமானவர்தான், அவர் கண்ணில் ஒரு கணம் தயக்கம் தெரிந்தது. ஆனால் புகார் மனுவில் நாத்தனார் உறவின் தட்பவெப்பத்தைக் குறிக்கக் கட்டம் ஏதும் இல்லை.

"அறைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"இவங்ககிட்ட ஒண்ணு. எங்க ஆலோசகர்கிட்ட ஒண்ணு. குலுக்கலைச் சரிபார்த்துச் சான்று தர்றவர் அவர். பாஸ்வேர்டும் இவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவரேதான் சாட்சி. இவங்க ஓட்டினதைக் கண்ணால பார்த்திருக்கார்."

"சாப்பாட்டு நேரத்துல நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"மாடிப்படியில உக்காந்து சாப்பிட்டேன். தனியா."

"கேன்டீன் இருக்கே?"

"கேன்டீன்ல உக்காந்தா, நாத்தனாரோட சமாதானம் ஆயிட்டீங்களான்னு கேப்பாங்க."

ஆலோசகரின் அறை முதலாளியின் அறையைவிடப் பெரியது. இரண்டு திரைகள், ஒலி வராத விசைப்பலகை, பதினோரு நெம்புகோல்கள் உள்ள நாற்காலி. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் லேட்டஸ்ட். அவர் முன்னால் அதைச் சொன்னால் கோபப்படமாட்டார், நன்றி சொல்வார்.

"குலுக்கல் அறைக்குக் கண்ணாடிக் கதவு மேடம்," என்றார் லேட்டஸ்ட். "ஒண்ணேகால் மணிக்கு அந்த வழியாப் போனேன். அவங்க முதுகு தெரிஞ்சது. சாம்பல் கலர் ஸ்வெட்டர்."

"அந்த ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கிற பொதுச் சொத்துன்னாங்களே? குளிருதுன்னு உள்ள போற எல்லாரும் போட்டுக்குவாங்களாம்."

"உள்ள இருந்தது அவங்கதான். விரல் ஓடுற தினுசு தெரியாதா?"

"சரி. விரல் என்ன பண்ணிச்சு?"

லேட்டஸ்ட் தன் விரல்களையே மேசை மேல் வைத்து நடித்துக் காட்டினார். "மேல் அம்புக்குறி, என்டர். மேல் அம்புக்குறி, என்டர். அம்பை அழுத்தினா முன்னாடி அடிச்ச வரி திரும்பி வரும் மேடம், மறுபடி அடிக்க வேண்டாம். அப்புறம் வந்த பட்டியலைப் பார்க்கிறது, உதட்டைப் பிதுக்குறது. திரும்ப அம்பு."

"முதுகுல உதடு இருக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல அண்ணி," என்று வால் மெதுவாகச் சொன்னான்.

"ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

"ஏதோ சோதனை ஓட்டம்னு நினைச்சேன். நேத்து பிரின்டர் காகிதத்தைப் பார்த்தப்பதான் பகீர்னுச்சு."

நடைபாதைக்கு வந்ததும் தராசம்மா நோட்டில் ஒரு சொல் எழுதினார். அம்பு.

"அந்த ஆள் சொன்னதுல ரொம்ப நுணுக்கமா இருந்தது அது ஒண்ணுதான்," என்றார். "பொய் சொல்றவங்களுக்கு ஒரு சிக்கனம் உண்டு. எல்லாத்தையும் புதுசா உண்டாக்க மாட்டாங்க. பாதியை வீட்டுலேர்ந்து கொண்டு வருவாங்க."

கொத்தனாரின் மேசைக்குப் போனார்கள். அம்பைப் பற்றிக் கேட்டதும், அன்று முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"குலுக்கல் மெஷின்லயா? அதுல அம்பு வேலை செய்யாது மேடம்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் படிக்கல்லும் முகத்தல் அளவையும்தான்."

"அது யூனிக்ஸ் மெஷின். குலுக்கல் புரோகிராம் எழுதியிருக்கிறது குருவின்னு ஒரு குட்டி மொழியில, எங்க ஆபீஸுக்குன்னே நாங்க உண்டாக்கினது. மெஷினுக்கு நேரா அது புரியாது. நடுவுல ஒரு மேஸ்திரி வேணும். நாம எழுதினதை வரிக்கு வரி படிச்சு மெஷினை வேலை வாங்கணும். அதைத்தான் இன்டர்பிரட்டர்னு சொல்றோம். ஒவ்வொரு மெஷின்லயும் அந்த மேஸ்திரியை மூலத்துலேர்ந்து கட்டி உக்கார வைக்கிறது என் வேலை."

"ரெடிமேடா வாங்க முடியாதா?"

"கட்டினாதான் நமக்கு வேணுங்கற மாதிரி கிடைக்கும். கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கட்டளை அடிப்போம். என்னென்ன வசதி வேணும்னு அதுலதான் சொல்லணும். வரியைத் திருத்துற வசதின்னு ஒண்ணு. அது இருந்தாதான் அம்பு வேலை செய்யும். திரையில கலர், வலை இணைப்பு, படம் வரையறது, இன்னும் நிறைய இருக்கு. எல்லாம் அவங்கவங்க விருப்பம். கேட்டா சேரும், கேக்கலைன்னா சேராது."

"வீட்டுக்குப் பால்கனி, போர்ட்டிகோ மாதிரி," என்றான் வால்.

"அதேதான். குலுக்கல் மெஷினுக்கு நான் ஒண்ணுமே கேக்கல. நாலு சுவர், ஒரு கூரை. உள்ள இல்லாத சாமானை யாராலயும் கெடுக்க முடியாது. மொட்டைக் குருவின்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க."

"மொட்டைக் குருவியில அம்பை அழுத்தினா?"

"பழைய வரி வராது. குப்பை வரும். தொப்பி மாதிரி ஒரு குறி, ரெண்டு அடைப்பு, ஒரு ஆங்கில எழுத்து. குலுக்கலை ஓட்டுற வரி எண்பது எழுத்து மேடம். இருபத்து ரெண்டு தடவை ஓட்டணும்னா இருபத்து ரெண்டு தடவையும் கையாலதான் அடிக்கணும்."

தராசம்மா நோட்டை மூடினார். "அப்போ நடக்கவே முடியாத ஒண்ணைப் பார்த்ததா சாட்சி சொல்றார். முதலாளியைக் கூப்பிடுங்க. அவர் கண் முன்னாடி அம்பை அழுத்திடுவோம்."

குலுக்கல் அறையின் குளிரில் பல் கிட்டியது. முதலாளி பொது ஸ்வெட்டரை முதலில் எடுத்துக்கொண்டார். கொத்தனார் குருவியை எழுப்பி, சும்மா ஓர் எண்பது எழுத்து வரியை அடித்தாள். என்டரைத் தட்டினாள். பிறகு, "இப்பப் பாருங்க சார், குப்பை வரும்," என்று சொல்லி மேல் அம்புக்குறியை அழுத்தினாள்.

வரி வந்தது. எண்பது எழுத்தும் குறையாமல் வந்தது. போதாததற்குப் பச்சையும் நீலமுமாகக் கலர் வேறு.

கொத்தனார் இன்னொரு தடவை அழுத்தினாள். அதே வரி, இன்னும் பளிச்சென்று.

"விலை இறங்குதும்மா," என்றார் முதலாளி ஸ்வெட்டருக்குள்ளிருந்து. "ரெண்டு மாசச் சம்பளம்."

"சார், இது நான் கட்டின குருவி இல்ல."

"உன் மெஷின், உன் சாவி, உன் குருவி. அம்பு வேலை செய்யாதுன்னு நீ சொன்னதுதான் பொய்னு ஆச்சு. மணி நாலாகப் போகுது."

வால் தராசம்மாவின் காதருகே வந்தான். "அண்ணி, நம்ம கேஸ் படுத்துடுச்சு. போர்வையை நாமளே கொண்டு வந்து போத்தி விட்டிருக்கோம்."

"இல்லடா. இப்பத்தான் எழுந்து உக்காருது." தராசம்மா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "திருட்டுத் தராசு வச்சிருக்கிறவங்க திருடினதுக்காக மாட்டினதே இல்ல. தன் கைக்கு வசதியா தராசை ஒரு சாண் நகர்த்தி வச்சிருப்பாங்க, அதுலதான் மாட்டுவாங்க. இங்க யாரோ நகர்த்தியிருக்காங்க. ஏம்மா, எப்படிக் கட்டினாங்கன்னு இந்தக் குருவியையே கேக்க முடியுமா?"

கொத்தனாரின் முதுகு நிமிர்ந்தது.

"முடியும் மேடம்! கட்டுறப்ப அடிச்ச கட்டளை அப்படியே உள்ள பதிஞ்சிருக்கும். கேட்டா ஒப்பிக்கும்."

இரண்டு சொற்களை அடித்தாள். குருவி ஒப்பித்தது. வியாழக்கிழமை, மதியம் ஒன்று ஆறுக்குக் கட்டியது. கீழே, கேட்கப்பட்ட வசதிகள் வரிசையாக.

"நான் இதைக் கட்டினது மார்கழியில," என்றாள் கொத்தனார். "வியாழக்கிழமை யாரோ அதைத் தூக்கிட்டுப் புதுசு கட்டி வச்சிருக்காங்க. எட்டு வசதி கேட்டிருக்காங்க. வரித் திருத்தம், கலர், வலை இணைப்பு, பெரிய எண், படம், ஒலி, பல வேலை ஒரே நேரத்துல..." எட்டாவதில் நின்றாள். "கூவலா?"

"அது என்ன?"

"தப்பா ஏதாவது அடிச்சா மெஷின் குருவி மாதிரி கூவும். தொல்லை தாங்கலைன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே அந்த வசதியை மூலத்துலேர்ந்தே எடுத்துட்டேன். இப்ப அதைக் கேட்டா, எனக்கு இப்படி ஒண்ணு தெரியாதுன்னு ஒரு எச்சரிக்கை வரும். அவ்வளவுதான், அதுபாட்டுக்கு மேல கட்டிக்கிட்டுப் போயிடும். ஆனா கேட்டதை மட்டும் பதிஞ்சு வச்சுக்கும்."

"செத்தவருக்கு இன்னும் யாரோ கல்யாணப் பத்திரிகை வைக்கிறாங்க," என்றான் வால்.

முதலாளி தலையை ஆட்டினார். "இதையும் இந்தம்மாவே பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருக்கலாம் சார். தானே பிடுங்கிப் போட்டதைத் தானே வந்து கேட்டிருக்கலாம்." எட்டு வசதிகளையும் தராசம்மா அதே வரிசையில் நோட்டில் எழுதிக்கொண்டார். "எனக்கு அரை மணி நேரம் குடுங்க. நான் கையை அசைச்சா சத்தம் போடாம வந்து ஆலோசகர் அறைக் கதவுகிட்ட நில்லுங்க."

வெளியே வந்ததும் அவர் நேரே ஆலோசகர் அறைக்குப் போகவில்லை. ஜன்னல் ஓரமாக நின்று போனை எடுத்தார்.

"நான்தாங்க... ஆமா, இவங்க செய்யலைன்னு காட்ட முடியும்னு தோணுது. ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்காம மேல போக மாட்டேன். செஞ்சது வேற ஆளுன்னு வெளிய வந்துட்டா குலுக்கலே செல்லாது. இவங்க கையெழுத்து போட்டுட்டா பட்டியல் நிக்கும்... ஆமாங்க, அதேதான்... ராத்திரி வரைக்கும் டைம் இல்ல, இப்பவே சொல்லணும்... யோசிச்சாச்சா? அதுக்குள்ளயா? சரி."

"என்ன சொல்றாங்க நம்ம கட்சிக்காரங்க?" என்றான் வால்.

"மேல போகச் சொல்றாங்க. கூட ரெண்டு திட்டும் விழுந்துச்சு."

"நமக்கா?"

"நமக்கு இல்ல."

லேட்டஸ்ட் அவர்களை மறுபடி எதிர்பார்க்கவில்லை. ஆனால் தராசம்மா கொண்டு வந்த முகம் அவருக்குப் பிடித்திருந்தது. சந்தையில் தோற்றுவிட்டு, விலையை ஒப்புக்கொள்ள வந்த முகம்.

"நீங்க சொன்னதுதான் சரி சார். அம்பு வேலை செய்யுது. முதலாளி முன்னாடியே அழுத்திப் பார்த்துட்டோம்."

"நான்தான் சொன்னேனே."

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு உதவி. என் கொழுந்தன் சும்மாவே இருக்கான். இந்தக் குருவி வேலையைக் கத்துக்கறேங்கிறான். அந்தம்மாகிட்ட கேட்டா மொட்டை மொட்டைன்னு என்னமோ சொல்றாங்க. உங்களை மாதிரி ஒருத்தர் கட்டினா எப்படிக் கட்டுவீங்க?"

வால் நோட்டைப் பிரித்துப் பேனாவை நீட்டிக்கொண்டு, முகத்தில் முடிந்தவரை அறிவின்மையைக் கொண்டு வந்தான். அதிகம் சிரமப்படவில்லை.

"மொட்டையா!" லேட்டஸ்ட் நாற்காலியை ஒரு நெம்புகோல் பின்னுக்குத் தள்ளினார். "அம்பு இல்லாத குருவியில மனுஷன் வேலை செய்வானா? ஒரு எழுத்து தப்பினா முழு வரியும் மறுபடி அடிக்கணும். இது என்ன கற்காலமா? எழுதிக்கோ தம்பி. முதல்ல வரித் திருத்தம். அப்புறம் கலர்."

"மெதுவா சார்," என்றான் வால். எழுதவில்லை. ஏற்கனவே எழுதியிருந்ததன் பக்கத்தில் டிக் போட்டான்.

"வலை இணைப்பு. பெரிய எண். படம். ஒலி. பல வேலை ஒரே நேரத்துல." ஏழு டிக். "அப்புறம் கடைசியா, கூவல்."

"கூவலா? அதை எடுத்துட்டாங்கன்னு அந்தம்மா சொன்னாங்களே சார்?"

லேட்டஸ்ட்டின் முகத்தில் வெட்கம் போல ஒன்று எட்டிப் பார்த்தது. "தெரியும் தம்பி. இருந்தாலும் போடுவேன். ஒரு தடவை போடாம விட்டேன், கட்டுறது பாதியில நின்னுடுச்சு. அதுலேர்ந்து விடறதில்ல. ஒரு ராசி."

பதினோரு நெம்புகோல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் இதைச் சொன்னார்.

"வேற யாராவது இப்படிப் போடுவாங்களா சார்?" என்றார் தராசம்மா. கேட்டுக்கொண்டே கதவுப் பக்கம் கையை அசைத்தார்.

"சான்ஸே இல்ல. இந்த வரிசை என் சொந்தத் தயாரிப்பு. பன்னெண்டு வருஷ அனுபவம். இங்க பாருங்க." தன் மடிக்கணினியைத் திருப்பி, அதிலிருந்த குருவியைக் கேட்டார். அது எட்டையும் ஒப்பித்தது, கூவல் உட்பட. "எந்த மெஷின்ல கட்டினாலும் இதேதான் அடிப்பேன். கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன்."

"வியாழக்கிழமையும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் அடிச்சிருக்கீங்க," என்று தராசம்மா நோட்டை வாங்கி அவர் முன் வைத்தார். "இது குலுக்கல் மெஷின் சொன்னது. ஒண்ணு ஆறுக்குக் கட்டினது. அதே எட்டு, அதே வரிசை. உங்க ராசியும் கடைசியில நிக்குது."

லேட்டஸ்ட் நோட்டைப் பார்த்தார். கதவருகே நின்ற முதலாளியைப் பார்த்தார். கை எந்த நெம்புகோலைப் பிடித்ததோ தெரியவில்லை, நாற்காலி உஸ்ஸென்று மூச்சு விட்டு நான்கு விரற்கடை கீழே இறங்கியது.

"எண்பது எழுத்து சார்," என்றார் முதலாளியிடம், ஏதோ அவருக்குத்தான் அது புரியும் என்பது போல. "முதல் தடவையே ஒரு எழுத்து தப்பாப் போச்சு. திருத்தலாம்னு அம்பை அழுத்தினா குப்பையா வருது. தாங்க முடியல. கட்டுறதுக்கு நாலு நிமிஷம்தான் ஆகும்."

"திருடப் போன வீட்டுல நாற்காலி ஆடுதுன்னு ஆசாரி வேலை பார்த்துட்டு வந்திருக்கீங்க சார்," என்றான் வால்.

"பட்டியல்ல உங்க ஆள் எத்தனாவது?" என்றார் தராசம்மா.

"பதினேழு. என் மாமியார்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"எங்க வீட்டுலதான். ஆறு வருஷமா." குரல் தழுதழுத்தது. "அவங்களுக்குன்னு ஒரு வீடு கிடைச்சா... இருபத்து ஒரு தடவை ஓட்டியும் பேரு வரல மேடம். குலுக்கலுக்கே அவங்களை எங்க வீட்டை விட்டு எடுக்க மனசு வரல."

முதலாளி, கல்யாணமானவர், ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். ஆனால் அதற்கும் புகார் மனுவில் கட்டம் இல்லை.

"ஒம்பதாவது பேரு? இந்தம்மாவோட நாத்தனார்?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். அதுவா வந்துச்சு. நேத்து காகிதத்தைப் பார்த்து எல்லாரும் கத்தினப்பதான் அந்தப் பேரைக் கவனிச்சேன். கைக்கு வசதியா இருந்துச்சு."

நாலு நாற்பதுக்கு முதலாளி பேனாவைத் திறந்து புகாரை எழுதினார், ஏற்கனவே தயாராக இருந்ததில் பெயரை மட்டும் மாற்றி. பிறகு இன்னொரு தாளில் நானூறு மனுதாரர்களுக்கும் அறிவிப்பு எழுதினார். வியாழக்கிழமைக் குலுக்கல் ரத்து. அடுத்த வியாழன் மறு குலுக்கல்.

"மனசுல வச்சுக்காதம்மா," என்றார் கொத்தனாரிடம். "நாளைக்கே பழையபடி அந்த மொட்டையைக் கட்டிடு."

"கட்டுறேன் சார். இனிமே அந்த அறைக்கு ரெண்டாவது சாவி கிடையாது. சரிபார்க்க யார் வந்தாலும் நான் கூட இருப்பேன்."

"அதைப் பேசிக்கலாம்."

"பேச ஒண்ணும் இல்ல சார். கடைசி விலை."

முதலாளி அவள் கையைப் பார்த்தார். அது கைப்பைக்குள் போய் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினார்.

மாடிப்படியில் இறங்கும்போது கொத்தனார் நின்றாள். "மேடம், என் வீட்டுக்காரர் உங்களுக்கு எவ்வளவு பேசினார்னு சொல்லுங்க. அவர் கையில அவ்வளவு இருக்காது. மீதியை நான் தர்றேன்."

"உங்க வீட்டுக்காரர் எங்ககிட்ட வரவே இல்லம்மா."

"பின்ன?"

"ராத்திரி அவர் தன் அக்காவுக்குப் போன் பண்ணிப் புலம்பியிருக்கார். காலையில எட்டு மணிக்கு உங்க நாத்தனார் எங்க வாசல்ல நின்னாங்க."

கொத்தனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களா? அவங்களுக்குத்தான் வீடு விழுந்திருக்கே. நான் கையெழுத்து போட்டிருந்தா அது நின்னிருக்குமே."

"நாலு மணிக்கு அதைத்தான் போன்ல கேட்டேன். வீடு போயிடும், பரவாயில்லையான்னு. பத்து விநாடி கூட ஆகல. ‘அவளுக்கு வாய் நீளம், நெஞ்சழுத்தம் பிடிச்சவ, மூத்தவங்கங்கற மரியாதை கிடையாது. ஆனா அவ திருட மாட்டா. வீடு போனாப் போகட்டும், பண்ணுங்க'ன்னாங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, தலை மேல ஏறிடுவான்னாங்க."

"அண்ணி, அதைச் சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?" என்றான் வால்.

"கண்டுபிடிக்கத்தான்டா கூலி பேசினோம். மறைக்கிறதுக்குத் தனிக் கூலி. அதை அவங்களும் பேசல, நானும் கேக்கல."

கொத்தனார் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்து மேலும் கீழும் தள்ளித் தேடினாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள். "நம்பரை அழிச்சுட்டேன் மேடம். உங்ககிட்ட இருக்குமா?"

தராசம்மா சொன்னார். அவள் ஒவ்வோர் எண்ணாக அடித்தாள். கடைசி எண்ணை அடித்துவிட்டு, அழைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று உதடுகள் சத்தமில்லாமல் ஒத்திகை பார்த்தன.

அவளைத் தனியாக விட்டுவிட்டு இருவரும் கீழே இறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும் வால் நோட்டைச் சுவரில் வைத்து அன்றைய கணக்கை முடித்தான். கேஸ் முடிந்தால் பக்கத்தை மூடிவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும் என்பது அண்ணியின் சட்டம்.

ஆலோசகர்: செலவு, வேலை ஒன்று. வரவு, மாமியார் ஒருவர், அதே வீட்டில்.

முதலாளி: செலவு, குலுக்கல் ஒன்று. வரவு, ஆலோசகரிடமிருந்து திரும்பிய, இனிச் சாட்சி சொல்லாத சாவி ஒன்று.

கொத்தனார்: வரவு, பெயர் ஒன்று, சேதாரமில்லாமல்.

நாத்தனார்: செலவு, வீடு ஒன்று. வரவு...

வால் அண்ணாந்து மாடிப்படி ஜன்னலைப் பார்த்தான். அவள் போன் இன்னும் காதுக்குப் போகவில்லை.

"என்ன எழுதட்டும் அண்ணி?"

"நிலுவைன்னு எழுது," என்றார் தராசம்மா.